விண்டோஸின் சொல்லப்படாத வசதிகள்: அறிகுறியைப் பிடித்து ஓட்டையை அடைக்கும் வழிமுறை

ஆன்டிவைரஸ் "பிரச்சினை இல்லை" என்கிறது, ஆனால் சிஸ்டத்தின் போக்கு சரியில்லை. இப்படி வரும் கம்ப்யூட்டர்களில் கணிசமானவற்றில் வெளியிலிருந்து வந்த வைரஸ் ஃபைல் எதுவும் இருக்காது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும், பயனர் கையேட்டில் வராத ஏதோ ஒரு வசதியை யாரோ திருப்பி வைத்திருப்பார்கள். ஓடுவது மைக்ரோசாஃப்ட்டே கையெழுத்திட்ட நிரல் என்பதால் ஸ்கேனர் அதைச் சந்தேகிப்பதில்லை. ஆகவே இங்கே ஃபைலைத் தேடிப் பயனில்லை. எந்த அமைப்பு இயல்பிலிருந்து மாறியிருக்கிறது என்று தேட வேண்டும்.

கீழே உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். கட்டளைகளையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கை வைக்கும் முன்

எதையும் உடனே அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் மாற்றப்போகும் கீயை (ஃபோல்டர் போன்ற பிரிவு) முதலில் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வையுங்கள். திரையில் கண்டதை மொபைலில் படம் எடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஆட்டோரன்ஸ் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் "ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்", "ஹைட் விண்டோஸ் என்ட்ரீஸ்" இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பட்டியல் நீளும். ஆனால் நாம் தேடுவதே மைக்ரோசாஃப்ட் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத்தான்.

## அறிகுறி: லாகின் திரையில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் கருப்புத் திரை திறக்கிறது

இயல்பாக வர வேண்டியது ஸ்டிக்கி கீஸ் கேள்வி. அதற்குப் பதிலாகக் கமாண்ட் பிராம்ப்ட் வந்தால், "ஹூஅம்ஐ" என்று அடித்துப் பாருங்கள். "என்டி அத்தாரிட்டி\சிஸ்டம்" என்று பதில் வரும். அட்மினை விட மேலான அதிகாரம் அது, பாஸ்வேர்டே கேட்காமல் கிடைத்திருக்கிறது. லாகின் திரையின் மூலையிலுள்ள அணுகல் வசதி ஐகானைத் தட்டினால் கருப்புத் திரை வருவதும் இதே கோளாறுதான்.

காரணம் 1: மறந்த பாஸ்வேர்டை மீட்க யாரோ செய்த பழைய வேலை. இதுதான் அதிகம். ரிப்பேருக்குப் போன இடத்தில் பூட் பென் டிரைவில் ஏற்றி, சிஸ்டம்32 ஃபோல்டரிலுள்ள "செத்க்" நிரலின் மேல் "சிஎம்டி" நிரலைக் காப்பி செய்திருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றியதும் பழையபடி திருப்பி வைக்க மறந்திருப்பார்கள்.

சோதனை: அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் தாவலில் "ஒரிஜினல் ஃபைல்நேம்" என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிஎம்டி என்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. உறுதி செய்ய, பவர்ஷெல்லில் "கெட்-ஃபைல்ஹாஷ்" கட்டளையை இரண்டு ஃபைல்களுக்கும் ஓட்டுங்கள். ஃபைலின் கைரேகை போன்ற அந்த ஹாஷ் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. இதே சோதனையை யூட்டில்மேன், ஓஎஸ்கே, மேக்னிஃபை, நரேட்டர், டிஸ்ப்ளேஸ்விட்ச், ஏடிபுரோக்கர் ஆகியவற்றுக்கும் செய்யுங்கள். லாகினுக்கு முன் ஓடக்கூடிய எதையும் இப்படி மாற்ற முடியும்.

சரிசெய்தல்: அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் "எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்". சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் "டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்" ஓட்டிவிட்டு மறுபடி எஸ்எஃப்சி. வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி நல்ல பிரதியை உள்சேமிப்பிலிருந்து எடுக்கிறது, அந்தச் சேமிப்பையே பழுது பார்ப்பது டிஸ்ம்.

காரணம் 2: ஃபைல் சுத்தம், ரெஜிஸ்ட்ரி திருகப்பட்டிருக்கிறது. எஸ்எஃப்சி "எல்லாம் சரி" என்கிறது, கருப்புத் திரை மட்டும் போகவில்லை என்றால் இங்கே வாருங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் என்டி → கரன்ட்வெர்ஷன் → இமேஜ் ஃபைல் எக்ஸிகியூஷன் ஆப்ஷன்ஸ். மென்பொருள் எழுதுவோர் பிழை தேடுவதற்காக வைக்கப்பட்ட இடம் இது. ஒரு நிரலின் பெயரில் இங்கே கீ உருவாக்கி, அதில் "டிபக்கர்" என்ற மதிப்பு வைத்தால், அந்த நிரலுக்குப் பதில் மதிப்பில் சொன்னது ஓடும். மேலே சொன்ன ஏழு பெயர்களில் எதற்காவது டிபக்கர் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அந்த மதிப்பை மட்டும் நீக்குங்கள். கீ முழுவதையும் நீக்க வேண்டாம், சில கீகள் விண்டோஸுக்கே உரியவை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கரன்ட்வெர்ஷனின் கீழ் "சைலன்ட் புராசஸ் எக்ஸிட்" என்ற கீயும் இருக்கிறதா பாருங்கள். இமேஜ் ஃபைல் ஆப்ஷன்ஸில் "குளோபல்ஃபிளாக்" மதிப்பு 512 ஆகவும், இங்கே "மானிட்டர்புராசஸ்" மதிப்பில் ஏதேனும் நிரலும் இருந்தால், முதல் நிரல் மூடும் கணத்தில் இரண்டாவது நிரல் ஓடும். நோட்பேடை மூடினால் வேறேதோ தொடங்குகிறது என்ற விசித்திரப் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

காரணம் 3: ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வைத்தது. ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகி, "நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்" ஆஃப் ஆகியிருந்தால், நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் பாஸ்வேர்ட் இல்லாமலே உங்கள் லாகின் திரையை அடைந்து ஷிஃப்டைத் தட்டலாம். ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பதிவில் 4624 எண்ணில் லாகின் வகை 10 உள்ளவற்றைப் பாருங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஷிஃப்ட் வழியாகத் திறந்த திரை லாகினே அல்ல, அதனால் 4624 பதிவாகாது. பதிவில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து யாரும் நுழையவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடைத்த பிறகு பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால், பூட் பென் டிரைவ் கொண்டு வருபவருக்கு சிஸ்டம்32 ஃபோல்டரே தெரியாது.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: சரிசெய்து ரீஸ்டார்ட் செய்த பின் மறுபடி வந்தால், அல்லது ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம், மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும்.

## அறிகுறி: ஷட் டவுன் செய்யும்போது "வேறொருவர் லாகினில் இருக்கிறார்" என்கிறது, லாகின் திரையில் அப்படி யாரும் இல்லை

முதலில் விலக்க வேண்டியவை. "கெட்-லோக்கல்யூசர்" என்று பவர்ஷெல்லில் அடியுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், டிஃபால்ட்அக்கவுன்ட், டபிள்யூடிஏஜியூட்டிலிட்டிஅக்கவுன்ட் ஆகிய நான்கும் விண்டோஸுடன் வருபவை. இவை முடக்கப்பட்ட நிலையில் இருந்தால் பயமில்லை. அடையாள எண்களின் கடைசிப் பகுதி முறையே 500, 501, 503, 504. "டிஃபால்ட்யூசர்0" இருந்தால் அது இன்ஸ்டாலேஷன் விட்டுச் சென்ற எச்சம்.

மறைக்கப்பட்ட கணக்கு. விண்டோஸ் என்டி → கரன்ட்வெர்ஷன் → வின்லாகான் → ஸ்பெஷல்அக்கவுன்ட்ஸ் → யூசர்லிஸ்ட். இங்கே ஒரு பயனர் பெயருக்கு 0 மதிப்பு தந்தால் அந்தப் பெயர் லாகின் திரையில் தெரியாது. கடைசி இரண்டு கீகளும் இயல்பில் இருப்பதில்லை. யாரோ உருவாக்கினால்தான் உண்டு. பேக்கப் மென்பொருள், டேட்டாபேஸ் சர்வர் போன்றவையும் நேர்மையாக இதைச் செய்வதுண்டு. அதனால் பெயரை வைத்து எந்த மென்பொருள் என்று முதலில் தேடுங்கள்.

டாலர் குறியில் முடியும் பெயர். "நெட் யூசர்" கட்டளை அத்தகைய பெயர்களைப் பட்டியலில் காட்டாது. ஆகவே அந்தக் கட்டளையை மட்டும் நம்பிச் சோதனையை முடிக்கக் கூடாது. அதன் பட்டியலையும் கெட்-லோக்கல்யூசர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசமாக வரும் பெயர்தான் உங்கள் ஆள்.

கண்டுபிடித்தால் கணக்கை அழிக்காமல் முடக்குங்கள்: "நெட் யூசர்", பெயர், "/ஆக்டிவ்:நோ". பிறகு செக்யூரிட்டி பதிவில் 4720-ஐத் தேடினால் கணக்கு எப்போது, யாரால் உருவானது என்று வரும். 4732 அதை அட்மின் குழுவில் சேர்த்த நேரத்தைச் சொல்லும். இந்தப் பதிவின் இயல்பு அளவு 20 எம்பிதான், நிரம்பினால் பழையது அழியும். எனவே பதிவு முழுவதையும் உடனே சேமித்துக்கொள்ளுங்கள்.

கெஸ்ட் கணக்குக்கு அட்மின் அதிகாரம். இது ஆழமான வேலை. "சாம்" ஹைவில் (பயனர் கணக்கு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிப் பகுதி) ஒவ்வொரு கணக்குக்கும் அதன் எண்ணின் பதினறும வடிவில் ஒரு கீ உண்டு: 500-க்கு 1எஃப்4, 501-க்கு 1எஃப்5. அந்தக் கீயிலுள்ள "எஃப்" மதிப்பில் 48-ஆவது பைட் இடத்திலிருந்து அதே எண் தலைகீழ் வரிசையில் இருக்க வேண்டும். கெஸ்ட்டின் கீயில் "எஃப்5 01" இருப்பதற்குப் பதிலாக "எஃப்4 01" இருந்தால், கெஸ்ட்டாக நுழைபவர் அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே இருப்பார். குழுப் பட்டியலில் இது தெரியவே தெரியாது. சாம் ஹைவைத் திறக்கவே சிஸ்டம் அதிகாரம் வேண்டும், இதை மாற்றியவரிடம் அது இருந்திருக்கிறது என்று பொருள். இந்த இடத்தில் நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டும் அதே நிரல் திரும்பி வருகிறது

ஒரே சோதனை இதைப் பாதியாகப் பிரித்துவிடும். நெட்வொர்க் கேபிள், வைஃபை எதுவும் இல்லாமல் இன்ஸ்டால் செய்யுங்கள். கணக்கு எதிலும் நுழையாதீர்கள்.

இணையம் கொடுத்த பிறகுதான் வருகிறது என்றால்: பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் டிரைவருடன் தயாரிப்பாளரின் ஆப்பையும் இறக்குகிறது, அல்லது பிரவுசர் சிங்க் பழைய எக்ஸ்டென்ஷனைக் கொண்டு வருகிறது. "டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்" திறந்து "நோ" கொடுங்கள், சிங்கை நிறுத்திப் பாருங்கள். செலவில்லை.

இணையமே இல்லாமல் வருகிறது என்றால்: மூன்று இடங்கள்தான் மிச்சம்.

முதலாவது, இன்ஸ்டால் பென் டிரைவ். "முன்பே எல்லாம் போட்டது" என்று கைமாறி வரும் ஐஎஸ்ஓவை நம்பாதீர்கள். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு புதிதாக உருவாக்குங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கில் விட்டுப்போன பார்ட்டிஷன். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால், பூட் நிரல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் அப்படியே இருக்கும். 2023-இல் வெளிப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற மால்வேர் குடியிருந்தது அங்கேதான், செக்யூர் பூட்டையே தாண்டிக்கொண்டு. தேவையான ஃபைல்களைப் பேக்கப் எடுத்துவிட்டு, இன்ஸ்டாலரில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, ஒரே காலி இடமாக்கிய பிறகு போடுங்கள்.

மூன்றாவது, மதர்போர்டு. பலருக்கு இது தெரியாது: விண்டோஸ் 8 முதல், ஃபர்ம்வேரில் (மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்ட நிரல்) "டபிள்யூபிபிடி" என்ற அட்டவணை இருந்தால், விண்டோஸ் ஒவ்வொரு பூட்டிலும் அதிலுள்ள நிரலைத் தானே எடுத்து ஓட்டும். திருடுபோன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஃபார்மேட்டுக்குப் பிறகும் பிழைத்திருக்க வேண்டும் என்பது போன்ற தேவைகளுக்காக வந்த வசதி. 2015-இல் லெனோவோ சர்வீஸ் எஞ்சின் இந்த வழியில் போன விவகாரம் வெடித்தது. நிறுவனம் பயாஸ் அப்டேட் கொடுத்து அதை எடுத்தது. 2023-இல் கிகாபைட் மதர்போர்டுகளின் ஃபர்ம்வேர் அப்டேட்டர் ஒன்றைப் போட்டு, அது பாதுகாப்பற்ற எச்டிடிபி இணைப்பிலும் ஃபைலை இறக்குவதை எக்ளிப்சியம் நிறுவனம் வெளிப்படுத்தியது.

சோதனை எளிது: சிஸ்டம்32 ஃபோல்டரில் "டபிள்யூபிபிபின்" என்ற நிரல் இருக்கிறதா? இருந்தால் ஃபர்ம்வேர்தான் போட்டது. அதன் டிஜிட்டல் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் இருந்தால்:

பயாஸுக்குள் போய் ஆப் டவுன்லோட் தொடர்பான அமைப்பை நிறுத்துங்கள். கிகாபைட்டில் "ஆப் சென்டர் டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்", ஆசுஸில் டூல் மெனுவில் "ஆர்மரி கிரேட்". பிறகு பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைக்காவிட்டால் அடுத்த பூட்டில் நீங்களே வெளியே நிற்பீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பயாஸில் நிறுத்தும் அமைப்பு இல்லையென்றால், சிஸ்டம் → கரன்ட்கன்ட்ரோல்செட் → கன்ட்ரோல் → செஷன் மேனேஜர் கீயில் "டிசேபிள்டபிள்யூபிபிடிஎக்ஸிகியூஷன்" என்ற டிவேர்டை 1 ஆக வையுங்கள். விண்டோஸை மறுபடி போட்டால் இது போய்விடும், முதல் பூட்டில் அந்த நிரல் ஓடியே தீரும்.

நிபுணர் கட்டம்: கையெழுத்தில்லாத அல்லது அறியாத பெயருள்ள டபிள்யூபிபிபின் இருந்தால். 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் மால்வேர் மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. புரோகிராமர் கருவியை நேரடியாகச் சிப்பில் மாட்டி எழுதுவது, அல்லது போர்டையே மாற்றுவது, இவைதான் வழி. ஆனால் இது மிக அரிது. மேலே உள்ள படிகள் எதையும் பார்க்காமல் நேரே போர்டை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

## அறிகுறி: சற்றைக்கொருமுறை கருப்புத் திரை ஒன்று மின்னி மறைகிறது

கண்ணால் பிடிக்க முடியாது, பதிவு வைத்துப் பிடிக்க வேண்டும். அட்மின் பிராம்ப்டில் "ஆடிட்பால் /செட் /சப்கேட்டகரி:" என்பதை ஒட்டி இரட்டை மேற்கோளுக்குள் "புராசஸ் கிரியேஷன்", பிறகு "/சக்சஸ்:எனேபிள்". குரூப் பாலிசியில் கட்டளை வரியைச் சேர்க்கும் அமைப்பையும் ஆன் செய்யுங்கள். அடுத்த முறை திரை மின்னும்போது மணியைக் குறித்துக்கொண்டு, செக்யூரிட்டி பதிவில் அந்த நேரத்து 4688-ஐத் திறங்கள். புதிய நிரல் எது என்பதை விட, அதைத் தொடங்கியது யார் என்ற வரிதான் வழி காட்டும்.

எக்ஸ்புளோரர் தொடங்கியது: ஸ்டார்ட்அப் ஃபோல்டர் அல்லது ரன் கீ. ஆட்டோரன்ஸின் லாகான் தாவலில் டிக்கை எடுத்தால் முடிந்தது.

எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸ் சர்வீஸ்களை ஓட்டும் நிரல்) தொடங்கியது: பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலர். ஆஃபீஸ், கிராஃபிக்ஸ் டிரைவர், பிரவுசர் அப்டேட்டர்கள் இப்படி மின்னுவது சகஜம். ஷெட்யூலரில் அந்த நேரத்து டாஸ்க்கைத் தேடுங்கள். அந்த நேரத்தில் எதுவுமே இல்லையென்றால்தான் கவலை. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் விண்டோஸ் என்டி → கரன்ட்வெர்ஷன் → ஷெட்யூல் → டாஸ்க்கேஷ் → ட்ரீ என்ற இடத்தில் ஒரு கீ உண்டு. அதிலுள்ள "எஸ்டி" மதிப்பை நீக்கிவிட்டால் டாஸ்க் ஓடும், ஷெட்யூலரில் தெரியாது, "எஸ்சிஎச்டாஸ்க்ஸ் /குவெரி" கட்டளையிலும் வராது. ஹாஃப்னியம் என்ற ஹேக்கர் குழுவின் டாரஸ்க் மால்வேர் இதைச் செய்ததை 2022 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. "இண்டெக்ஸ்" மதிப்பை 0 ஆக்கினாலும் இதே விளைவு. ஆகவே எஸ்டி இல்லாத கீ, இண்டெக்ஸ் 0 உள்ள கீ இரண்டையும் தேடுங்கள். கிடைத்தால் நிபுணரை அழையுங்கள். எஸ்டியை நீக்கவே சிஸ்டம் அதிகாரம் வேண்டும் என்பதால், டாஸ்க்கை அழிப்பதோடு வேலை முடியாது.

டபிள்யூஎம்ஐபிஆர்விஎஸ்இ அல்லது ஸ்க்ர்கான்ஸ் தொடங்கியது: டபிள்யூஎம்ஐ சந்தா, அதாவது குறித்த நிகழ்வு நடந்ததும் ஒரு கட்டளையை ஓட்ட வைக்கும் விண்டோஸ் ஏற்பாடு. ஆட்டோரன்ஸின் டபிள்யூஎம்ஐ தாவலைப் பாருங்கள். "எஸ்சிஎம் ஈவென்ட் லாக்" என்று தொடங்குபவை விண்டோஸுடையவை, தொடாதீர்கள். மற்றவற்றில் கட்டளை வரியோ ஸ்கிரிப்டோ இருந்தால் முழுவதையும் காப்பி எடுத்துக்கொண்டு, முதலில் பைண்டிங், பிறகு கன்ஸ்யூமர், கடைசியில் ஃபில்டர் என நீக்குங்கள்.

## அறிகுறி: ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கன்ட்ரோல் பேனல் வருகிறது, அழிக்கவும் முடியவில்லை

ஃபோல்டர் பெயரின் புள்ளிக்குப் பின் நெளி அடைப்புக்குள் நீண்ட எண்கோவை வைத்தால், விண்டோஸ் அதை ஒரு உள்வசதிக்குக் குறுக்குவழியாக மாற்றிவிடும். "காட் மோட்" என்று பரவிய தந்திரம் இதுதான். வெறும் காட் மோட் ஃபோல்டர் என்றால் சாதாரணமாக அழிந்துவிடும். "காம்4" போன்ற பெயரில் தொடங்கினால் அது குறும்பல்ல. காம், எல்பிடி, நல் எல்லாம் டாஸ் காலத்திலிருந்து சாதனங்களுக்கு ஒதுக்கிய பெயர்கள், அதனால் எக்ஸ்புளோரர் அழிக்க மறுக்கும். 2016-இல் டைனமர் என்ற மால்வேர் இந்த இரண்டையும் சேர்த்துத் தன்னை ஒளித்தது.

முதலில் டாஸ்க் மேனேஜரில் அந்த ஃபோல்டரிலிருந்து ஓடும் நிரலை நிறுத்துங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் "ஆர்டி" கட்டளையில், பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்வு, புள்ளி, ஒரு பின்சாய்வு சேர்த்து, முழுப் பாதையையும் மேற்கோளுக்குள் வைத்து, இறுதியில் "/எஸ் /கியூ" கொடுங்கள். பெயர்ச் சோதனையைத் தாண்டி அழிந்துவிடும்.

## அறிகுறி: ஃபைல் அளவு சில பைட்தான், டிஸ்க்கில் இடம் மட்டும் குறைகிறது

பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில், ரீஸ்டோர் பாயின்ட்கள், இந்த மூன்றையும் முதலில் கணக்கில் எடுங்கள். பெரும்பாலும் இங்கேயே தீரும். தீராவிட்டால் சந்தேகமான ஃபோல்டரில் "டிர் /ஆர்" அடியுங்கள். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை, ஒரே ஃபைல் பெயரின் கீழ் பல ஓடைகளை வைக்க விடும். எக்ஸ்புளோரர் முதல் ஓடையின் அளவை மட்டுமே காட்டும். "ஸோன்.ஐடென்டிஃபையர்" என்ற சிறிய ஓடை இருந்தால் விட்டுவிடுங்கள். அது இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்ற முத்திரை, ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை அதை நம்பியே இருக்கிறது. எல்லா ஓடைகளையும் மொத்தமாக அழிக்கச் சொல்லும் அறிவுரை இந்தப் பாதுகாப்பையும் சேர்த்து அழித்துவிடும். வேறு பெயரில், பல எம்பி அளவில் ஓடை இருந்தால் பவர்ஷெல்லில் "ரிமூவ்-ஐட்டம்" கட்டளைக்கு "-ஸ்ட்ரீம்" சேர்த்து அதை மட்டும் நீக்கலாம். உள்ளே நிரல் இருந்தால், அதை ஓட்டுவது எது என்று கருப்புத் திரை மின்னும் அறிகுறியில் சொன்ன 4688 சோதனையைச் செய்யுங்கள்.

## அறிகுறி: ஹோஸ்ட்ஸ் ஃபைலில் தடுத்த முகவரிக்கும் இணைப்பு போகிறது

ஹோஸ்ட்ஸ் என்பது எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று நீங்களே எழுதி வைக்கக்கூடிய ஃபைல். அது "ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி" என்று சேமிக்கப்படவில்லையே? "ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்" அடித்தீர்களா? இரண்டும் சரியென்றால், தடுத்தது மைக்ரோசாஃப்ட் முகவரியா என்று பாருங்கள். விண்டோஸின் டிஎன்எஸ்ஏபிஐ நூலகத்துக்குள்ளேயே சில மைக்ரோசாஃப்ட் முகவரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல் செல்லாது. அப்டேட்டைத் தடுக்க மால்வேர் அதே ஃபைலைத்தான் திருத்தும் என்பதால் இதில் நியாயமும் உண்டு. ஆனால் உங்கள் தடுப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லாமல் இருப்பது சரியல்ல. 2020 முதல் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் இத்தகைய வரிகளை ஆபத்து என்று அடையாளம் காட்டி, ஆபத்தை நீக்கச் சொன்னால் ஃபைலைப் பழைய நிலைக்கு மாற்றிவிடுகிறது.

மேக்கிலும் இப்படி நடந்திருக்கிறது: 2020-இல் வந்த பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு, ஆப்பிளின் சொந்த ஆப்கள் பலவற்றை வெளியார் ஃபயர்வாலுக்குத் தெரியாமல் போக விட்டது. எதிர்ப்புக்குப் பின் 11.2 பதிப்பில் நீக்கினார்கள்.

என்ன போகிறது என்பதுதான் கவலை என்றால், செட்டிங்ஸில் "டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்" ஆன் செய்து படித்துப் பாருங்கள். தடுத்தே ஆக வேண்டும் என்றால் கம்ப்யூட்டருக்கு வெளியே, ரவுட்டரில் தடுங்கள். அப்டேட் முகவரிகளைத் தடுக்காதீர்கள், மேலே சொன்ன ஓட்டைகளில் பலவற்றுக்கு மருந்து அந்த வழியாகத்தான் வருகிறது. "நெட்ஸ்டாட் -ஏபிஎன்ஓ" அட்மினாக ஓட்டும்போது, எஸ்விசிஹோஸ்ட் பெயரில் இணைப்பு இருந்தும் சர்வீஸ் பெயர் தெரியாவிட்டால், புராசஸ் எக்ஸ்புளோரரில் அதன் எண்ணைத் தேடி, ஃபைல் சிஸ்டம்32-இலிருந்துதான் ஓடுகிறதா, அதைத் தொடங்கியது சர்வீசஸ் நிரல்தானா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிபுணரை அழையுங்கள்.